ஒன்றரை வோல்ட்

"இதுல கை வச்சது யாரு? முதல்ல அதச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூட்டை தூக்குகிறவர் மகளைப் பார்த்தார். மகள் திரையைப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் பெட்டியை அவர் தோளில் வைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். எதையும் வேறு மாதிரி தூக்க அவருக்கு வராது. வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. இப்போது நான்கு நாளாக நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்துபோகிறது. மகள் கட்டட வரைபடப் படிப்பில் கடைசிப் பரீட்சைக்கு வரைந்து வைத்த பன்னிரண்டு படங்களும் கெட்டுவிட்டன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"நீ எதையாவது நோண்டினதா தெரிஞ்சுது, படிப்பு அன்னைக்கோட சரி. பேக்கிங் கம்பெனில வந்து நில்லு" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க தம்பி."

"உள்ள மெமரின்னு ஒண்ணு இருக்குண்ணே. அதுக்கு ஒண்ணு புள்ளி ரெண்டு வோல்ட் போதும். வேகமா ஓட வைக்கணும்னா கொஞ்சம் ஏத்தலாம். நல்ல மெமரியா இருந்தா ஒண்ணு புள்ளி மூணு அஞ்சு வரைக்கும் பயமில்ல. இதுல ஒன்றரை வச்சிருக்கு."

"இவ்வளவுதானா! எங்க வீட்டு லைட்டுக்கு அம்பது ஏறும், அம்பது எறங்கும். அதுபாட்டுக்கு எரியுது."

"அண்ணே, நீங்க எத்தனை கிலோ மூட்டை தூக்குவீங்க?"

"அம்பது."

"அறுபத்தஞ்சு வச்சா?"

"தூக்குவேன்."

"தினமும்?"

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது.

"இதுவும் அப்படித்தான். நாலு மாசம் பல்லைக் கடிச்சுட்டு ஓடியிருக்கு. அப்புறம் சூடு தாங்காம, நாம ஒண்ணு குடுத்தா அது ஒண்ணு எழுதி வைக்கும். படமெல்லாம் அதனாலதான் போச்சு."

"தானா ஏறிக்குமா?"

"தானா எப்படிண்ணே ஏறும்? ஒரு ஆள் உள்ள போயி, நம்பரை மாத்தி, சேவ் பண்ணாத்தான் உண்டு."

"நான் அந்தப் பக்கமே போகலப்பா" என்றாள் மகள்.

"கம்ப்யூட்டரை வேகமா ஓட்டறது எப்படின்னு ஒருத்தன் பேசிட்டிருந்தானே, அந்த வீடியோவைப் பாத்தியா இல்லையா? நான் சாப்பிட்டுக்கிட்டே கவனிச்சேன்."

"பாத்தேன். பாத்ததாலதான் தொடல. ஒண்ணு புள்ளி நாலைத் தாண்டினா ஆபத்துன்னு அவனே சொன்னான்."

"கேட்டீங்களா தம்பி? நம்பர் மொத்தமும் விரல் நுனில வச்சிருக்கா. இவ தொடலையாம்!"

அவளுக்கு அழுகை முட்டியது. தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள் போலிருந்தது.

"அண்ணா, அதை எப்ப மாத்தினாங்கன்னு பாக்க முடியாதா?"

"அந்தத் தேதியெல்லாம் இதுல பதியாதும்மா" என்றார் கடைக்காரர். ஏற்கெனவே இறுக்கிய திருகாணியை இன்னொரு முறை இறுக்கினார்.

"தொட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன்."

"தொடலப்பா."

"பொய்யைப் பாரு, முகத்தைப் பாத்தே சொல்றா!"

ஓங்கிய கையைக் கடைக்காரர் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே. வயசுப் பொண்ணு, ஏதோ ஆசையில செஞ்சிருக்கும். நாம செய்யாததா?"

அதுவரை அப்பாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் பாக்கி இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் அதுவும் போய்விட்டது.

"ஒண்ணு புள்ளி ரெண்டுக்கே எறக்கி விட்டுட்டேன்" என்றார் கடைக்காரர். "வேற மெமரியும் மாத்தித் தர்றேன். மெதுவா ஓடும், ஆனா ஓடும். காசெல்லாம் வேண்டாம்ணே. படிக்கற புள்ள."

மூட்டை தூக்குகிறவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வெளியாளு, உங்களுக்கு இருக்கற மனசு பெத்த பொண்ணுக்கு இல்லையே தம்பி" என்றார். "மாத்தவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உங்ககிட்ட வாங்கினதுதானே, நீங்களே வச்சுக்கிட்டு வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க. எங்க வீட்டுல இனிமே இதுக்கு வேலை இல்ல."

"அப்பா, ஒரே ஒரு பரீட்சைப்பா."

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எந்திரி. கம்பெனி வண்டி நமக்காக நிக்காது."

அவர் முன்னால் நடந்தார். தோளில் சுமை இல்லாததால் எப்படி நடப்பதென்று தெரியாதவர்போலச் சற்றுச் சாய்ந்தே போனார். மகள் நாலடி பின்னால், கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை கடைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, கெட்ட மெமரியைக் கழற்றிவிட்டு டப்பாவிலிருந்து இன்னொரு மட்டமான மெமரியை எடுத்து, அதன்மேல் வேகமான மெமரியின் ஸ்டிக்கரை ஒட்டிப் பொருத்தினார். அடுத்து வாங்க வருகிறவர் கண்ணுக்கு அது வேகமாக ஓட வேண்டுமே என்று, நான்கு மாதத்துக்கு முன் இதே பெட்டிக்குச் செய்ததுபோலவே, வோல்டேஜை ஒன்றரைக்கு ஏற்றி சேவ் செய்தார்.