பதினோராம் நம்பர் எலி

"உங்கள்ல யாரோ இந்த எலியைக் கொஞ்சியிருக்கீங்க."

மேடம் அப்படிச் சொன்னதும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போதைப் பழக்கம் மூளை செல்களை என்ன பாடு படுத்துகிறது என்று தன் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். எலிக்குப் பெயர் வைக்கக் கூடாது, தடவிக் கொடுக்கக் கூடாது, அதனோடு பேசவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முதுகுக்குப் பின்னால் அவரை எல்லோரும் 'இரும்பு' என்பார்கள்.

கூண்டில் உள்ள பொத்தானை அமுக்கினால் போதை மருந்து வரும். மற்ற எலிகள் விடாமல் அமுக்கிக்கொண்டிருக்க, பதினோராம் நம்பர் மட்டும் பொத்தானுக்கு முதுகைக் காட்டியபடி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"துணை கிடைச்சா எலி மருந்தை மறந்துடும்னு தெரியாதா? பரிசோதனை மொத்தமும் பாழ். முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

அந்தப் பரிசோதனையை நடத்திவந்தவன் ஓர் ஆராய்ச்சி மாணவன். மூன்று வருஷ உழைப்பு. பட்டம் வாங்கினால்தான் கல்யாணப் பேச்சு என்று வீட்டில் வேறு சொல்லியிருந்தார்கள்.

"மேடம், யார்னு கண்டுபிடிச்சிட்டா இந்த ஒரு எலியை மட்டும் கழிச்சிட்டு மத்ததை வச்சுக்கலாமே?"

"முதல்ல கண்டுபிடிங்க" என்றவர் விருட்டென்று போய்விட்டார்.

அவனுக்குக் கூண்டு கழுவுபவர் மேல்தான் சந்தேகம். எந்நேரமும் பாடிக்கொண்டே திரிகிற மனுஷர்.

"வீட்டுக்காரிகிட்ட பேசவே நேரமில்ல தம்பி. எலிகிட்ட எங்க பேசறது?" என்று அவர் கையை விரித்தார்.

கூண்டுகளுக்கு மேலே கேமரா உண்டு. சாயங்காலம் பரிசோதனை முடிந்ததும் அதை அணைத்துவிடுவது வழக்கம். அன்று அவன் அணைக்காமலே கிளம்பினான்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து பதிவை ஓட்டிப் பார்த்தான்.

அறை காலியான கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வந்தவர் மேடம். பதினோராம் நம்பரை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார்.

"மாட்டிக்கிட்டோம்டா புஜ்ஜி."

பெயர் வேறு வைத்திருந்தார்.

"பழியைத் தூக்கி அவங்க மேல போட்டுட்டேன். நான்தான்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? பாவம் அந்தப் பையன், முகமே செத்துப் போச்சு. அவனை மாதிரி ஒரு கெட்டிக்காரன் இந்த லேபுக்கு வந்ததே இல்ல. நேர்ல சொன்னா தலைகால் புரியாது. நீயும் சொல்லிடாதே."

முதல் தடவை பார்த்தபோது அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்துவிட்டது.

வந்ததும் வராததுமாக மேடம் கேட்டார், "யார்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மேடம். ஆனா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பதினோராம் நம்பர்கிட்ட சொல்லி வச்சிருக்காங்க."

மேடம் மெல்ல நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க. அந்த ஒண்ணைக் கழிச்சிட்டு எழுதுங்க. எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

"கழிச்ச எலியை என்ன பண்றது மேடம்?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அது மருந்தை விட்டுடுச்சு. எனக்குத்தான் சாயங்காலமானா கை பரபரங்குது. விட முடியல."