விரல் தவறிய தாலாட்டு

ரசத்தைக் கரண்டியில் அள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிரிட்ஜ் மேலிருந்த ஸ்பீக்கர் தானாகப் பாடத் தொடங்கியிருந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. அவர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

சாமிப் பாட்டு இல்லை. சினிமாப் பாட்டும் இல்லை.

தாலாட்டு.

வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் குரல். பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி மெல்ல, இழுத்து இழுத்துப் பாடியது.

ரசம் தட்டைத் தாண்டி மேசையில் ஓடியது. அவர் வேட்டியில் சொட்டியது. மற்ற நாளாக இருந்தால் கத்தியிருப்பார். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றது. யாரோ ஓடிவந்து வாயைப் பொத்தியதுபோல.

"என்னது அது?"

தலையைத் தூக்காமல் கேட்டார்.

அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்த ஸ்பீக்கரை எங்கிருந்தோ பாடவைக்க ஒருத்தியால்தான் முடியும்.

நிவேதா.

ஒரு தீபாவளித் தள்ளுபடியில் மகள் வாங்கி வந்தது அது. அவள் போனில் பாட்டுக் கேட்கிற அதே அக்கவுண்டை இதிலும் போட்டுவைத்தாள். மாதாமாதம் பணம் அவள் பேங்க் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் அப்பாவுக்குச் சாமிப் பாட்டு வரும்படி செய்துகொடுத்தாள்.

அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை. தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள்.

அன்றைக்கே அவர் தலைமுழுகினார். சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றினார். ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தார். பொண்ணு எங்கே என்று கேட்டவர்களிடம், "எங்களுக்கு ஏது பொண்ணு?" என்றார். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் அந்தப் பெயரைப் பெற்றவளும் சொல்லவில்லை. மகளின் போன் நம்பரும் மாறிவிட்டது.

இரண்டு வருஷம்.

எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. ஊரில் சிலர் பேசிக்கொள்வதைக் கேட்டால், உயிரோடு இருக்கிறாளா என்பதே சந்தேகம்.

இருக்கிறாள்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

இருக்கிறாள். சரி. ஆனால் மத்தியான வேளையில் யார் தாலாட்டுக் கேட்பார்கள்?

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மகள் தோளில் பிள்ளை. ஒற்றைக் கையில் போன். எந்த ஸ்பீக்கரில் பாட வேண்டும் என்று போன் கேட்டிருக்கும். விரல் தவறியிருக்கும். சத்தத்தைக் காணோமே என்று பார்த்திருப்பாள். 'அம்மா அடுப்படி' என்று இந்த ஸ்பீக்கருக்குத் தானே வைத்த பெயர் திரையில் ஒளிர்ந்திருக்கும். அவளுக்கும் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

பிள்ளை.

அவள் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள்.

ஆணா, பெண்ணா? தவழுமா? பேறுகாலத்தில் பக்கத்தில் யார் இருந்தது? யார் வெந்நீர் ஊற்றியது? பயந்திருப்பாளே. ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்கிறவளாயிற்றே.

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். எழுந்து வெளியே போனார். செருப்புப் போடவில்லை.

அவள் ஸ்பீக்கர் முன்னால் வந்து நின்றாள். அதன் சின்ன விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். மகள் போனில் தெரியும். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது என்று தெரியும்.

விரலைக் கொண்டுபோனவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

ஒரு அக்கவுண்டில் ஒரு இடத்தில்தான் பாடும். இங்கே போட்டால் அங்கே நின்றுவிடும். முன்பெல்லாம் வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து மகள் இதற்காகவே போன் போட்டுச் சண்டை பிடிப்பாள். "எம்மா, பாதிப் பாட்டுல புடுங்கிட்டியே! உனக்குத்தான் குக்கர் விசில் இருக்கே, அதைக் கேளேன்." பக்கத்திலிருந்து அவர் சிரிப்பார். "போடு போடு, இன்னொரு பாட்டு போடு" என்பார்.

இரண்டு வருஷமாக இந்த வீட்டில் விளக்கு வைத்ததும் சாமிப் பாட்டு. அத்தனை சாயங்காலமும் அங்கே பாட்டு நின்றுபோயிருக்கும். மகள் ஒரு நாளும் திரும்பப் பிடுங்கவில்லை. அக்கவுண்டை மூடவும் இல்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை, சும்மா பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள்.

அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

இருட்டுகிற நேரத்தில் அவர் வந்தார். காலெல்லாம் புழுதி. அவர் கைகால் கழுவினார். விபூதி பூசினார். சாமி முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்போது ஏற்றினோம் என்று அவளுக்கே நினைவில்லை.

வழக்கம்போல அவர் பிரிட்ஜ் பக்கம் வந்தார். கையைத் தூக்கினார்.

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

அவர் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"இந்நேரத்துக்குத் தூங்கியிருக்குமா?"