பாதித் தண்ணீர்ப் பாத்தி

தராசு முள் ஆடி நின்றதும் நிகத்தின் முகம் மலர்ந்துபோனது.

"ஐயா, பாதித் தண்ணி விட்ட பாத்தியும் முழுத் தண்ணி விட்ட பாத்தியும் கிழங்கு கிட்டத்தட்ட ஒரே எடை!"

சென்னம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நிகத் வாரம் தவறாமல் சேலத்திலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரப் பெண். மரவள்ளிக் காட்டுக்கு நடுவே அகலமான தகரத் தொட்டி ஒன்றை வைத்து, வெயில் எவ்வளவு தண்ணீரைக் குடித்தது என்று அளப்பாள். செடிக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு அதுதான் கணக்கு. ஒரு பாத்திக்கு அந்த அளவு முழுதாக. பக்கத்துப் பாத்திக்கு அதில் பாதி. சொன்ன நேரத்துக்கு வால்வைத் திறந்து மூடுவது சென்னம்மாளின் புருஷன் அப்புசாமியின் வேலை.

அவளுக்கு அது ஆராய்ச்சி. இவர்களுக்குப் பிழைப்பு.

போர்க்கிணற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. முழுத் தண்ணீர்தான் வேண்டும் என்றால் பாதிக் காட்டைத் தரிசு போட வேண்டும். அப்புறம் குடித்தனம் நடந்த மாதிரிதான். காட்டை விலைக்குக் கேட்டுப் புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணைக்காரர் நடையாய் நடந்தார். பாதித் தண்ணீரில் விளைந்தால் காடு எனக்கு, விளையாவிட்டால் உங்களுக்கு என்று அப்புசாமி அவரிடம் சொல்லிவிட்டான். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு மனுஷன்.

சித்திரை வெயிலில் பாதித் தண்ணீர்ப் பாத்தி இலை கொட்டியபோது சென்னம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புசாமி சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் நேரமாகப் பார்த்து, மாட்டுத் தாழியில் மிஞ்சியதையும் பாத்திரம் கழுவியதையும் குடத்தில் மொண்டுபோய் ஊற்றினாள். திருட்டுத்தனம்தான். ஆனால் இந்தக் காட்டை விற்றுவிட்டு அந்த மனுஷன் உயிரோடு நடமாடுவானா?

இப்போது அவன் துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தாள். பிடுங்கிப் போட்ட கிழங்குகளை வெறித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றான். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிற்று போல.

"சுத்துப்பட்டு பூரா சொல்லப்போறேன். இனி எல்லாரும் பாதித் தண்ணிய நம்பியே நடலாம்" என்றாள் நிகத்.

அங்கேதான் சென்னம்மாளுக்குத் தாங்கவில்லை. நம் காட்டைக் காப்பாற்ற ஊரார் காட்டைக் காயப்போடுவதா?

"சொல்லிப்போடாதீங்க அம்மணி. பாதித் தண்ணியில வெளையலீங்க. பொழுதானா நாந்தான் குடம் குடமா ஊத்துனனுங்க."

சென்னம்மாள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி வண்டியாகத் திட்டப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீயுமா புள்ள?" என்றான் அப்புசாமி.

சட்டென்று நிமிர்ந்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. விடியற்காலையில் கரண்டு வந்ததும் அவன் மோட்டார் பக்கம் எழுந்து போனதெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஒருவருக்கொருவர் தெரியாமல், இருவருமாகச் சேர்ந்து பாதியை முழுசாக்கியிருந்தார்கள். நிகத்தின் கணக்கில் தப்பே இல்லை. முழுத் தண்ணீருக்கு முழு விளைச்சல்.

அப்புசாமி மண் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

முதல் மணியிலேயே கோழிப்பண்ணைக்காரர் எடுத்துவிட்டார்.