பயன்பெறுவோர் விவரம்

இருட்டியதும் மரத்தடியில் சர் சர்ரென்று பிறாண்டும் சத்தம். பூனையேதான். பல்கலைக்கழகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மரப்பொந்தில், அணில் லில்லி குட்டியை அணைத்தபடி விடியும்வரை கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். தொட்டி ஒழுகி ஒழுகிக் கதவு ஊறி உப்பிப்போயிருந்தது; சாத்தவே முடியவில்லை.

காலையில், தொட்டியின் ஓட்டையை அடைக்கப் பணம் கேட்டு வளாகப் பசுமை நிதிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு குமாஸ்தா காகத்திடம் போனாள்.

"'நீர் சேமிப்பால் உலகமே பயன்பெறும்.' அடேங்கப்பா!" என்றது காகம், முதல் வரியைப் படித்துவிட்டு. "மயிலும் இதையேதான் எழுதுச்சு, தள்ளுபடி ஆயிடுச்சு. உலகத்தை விடு தங்கச்சி. தொட்டி ஓட்டையை அடைச்சா யாருக்கு நல்லது?"

லில்லிக்குக் கூச்சமாக இருந்தது. "சொந்தக் கஷ்டத்தை எழுதினா சிரிப்பாங்களே அண்ணே... ராத்திரி பூனை வருது. கதவு சாத்த மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு."

காகம் சிரிக்கவில்லை. முதல் வரியை அடித்துவிட்டு அதையே எழுதியது. பயன்பெறுவோர் என்ற இடத்தில், 'குட்டி ஒன்று, இன்னும் கண் திறக்கவில்லை' என்று சேர்த்தது.

அந்த வாரமே நிதி வந்தது. தொட்டியின் ஓட்டையை அடைத்தார்கள். நாலு நாள் வெயிலில் கதவு காய்ந்து இளைத்தது. ஐந்தாம் நாள் மாலை லில்லி அதை மெல்லச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.