விஜிலாவுக்கு வாய்ப்பு இல்லை

தொலைக்காட்சியில் கலை நிகழ்ச்சித் தயாரிப்பாளரான மெல்வினுக்கு அன்று பணி ஓய்வு நாள். தூத்துக்குடிக் கடலே வற்றினாலும் சிபாரிசுக்கு இளகாத மனுஷர். ஆலந்தலை விஜிலா அன்றும் பாட வாய்ப்புக் கேட்டு வந்து நின்றாள். அவள் ஆலந்தலைக் கடற்கரையில் பாடினால் இலங்கையில் கைதட்டுவார்கள்.

"வருசா வருசம் வாரேன் சார். என் குரல்ல என்ன குறை?"

"குறையே இல்லம்மா. உனக்கு வாய்ப்புத் தந்தா ஊரே என்னைப் பேசும்."

"கடைசி நாள்லயுமா?"

"இன்னைக்கும் அதே பதில்தான்."

"சரி, உங்களுக்குக் கடைசியா ஒரு வாய்ப்புக் குடுக்கத்தான் வந்தேன். உங்க இடத்துக்கு வார ஜெப்ஸி மேடம் என் குரலைக் கேட்டுட்டாங்க. நாளைக்கே ரெக்கார்டிங்."

மெல்வின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அப்போ நாளைக்கு நம்ம வீட்ல யாரு சோறு பொங்குவா?"

"ரிட்டயர்டு ஆன புருசன் வேற எதுக்கு இருக்கீங்க? பிரிட்ஜ்ல சாளை மீன் கெடக்கு. கழுவி, கொழம்பு வச்சிருங்க சார்!"