பெட்டிக்காரரின் கடைசி ஆசை

"பரண்ல இருக்கிற அந்தப் பெட்டியை வித்துடு. என்னை எரிச்சிடுங்க."

அப்பா இப்படிச் சொன்னதும் பெரியவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சலில் உளறுகிறாரோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். சூடே இல்லை.

வாழ்நாளெல்லாம் சவப்பெட்டி செய்த மனுஷன். கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேர் அவர் இழைத்த பலகைக்குள்தான் படுத்திருக்கிறார்கள். தனக்கென்று நல்ல தேக்கில் ஒன்று செய்து, பட்டறைப் பரணில் ஏற்றி, கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவர். யாராவது விலை கேட்டால், "அது என் வீடுப்பா, வீட்டை விப்பாங்களா?" என்று சிரிப்பார்.

டாக்டர் கைவிரித்துவிட்ட நேரத்தில் இப்படியா ஒரு குண்டைத் தூக்கிப் போடுவது?

"என்னப்பா பேசறீங்க? நாம கிறிஸ்தவங்க. நான் சர்ச் கமிட்டியில வேற இருக்கேன். எல்லாருக்கும் பெட்டி செஞ்சு கொடுத்த மனுஷனை, பெத்த அப்பனை எரிச்சான்னு காறித் துப்ப மாட்டாங்களா?"

கட்டிலருகே உட்கார்ந்திருந்த போதகரிடம் திரும்பினான்.

"நீங்களாவது சொல்லுங்க ஐயா."

"அடக்கம் பண்றது நம்ம வழக்கம் தம்பி. அதுக்காக எரிக்கிறது பாவம்னு எப்படிச் சொல்றது? மண்ணுல இருந்து மனுஷனை எடுத்தவருக்கு, சாம்பல்ல இருந்து எடுக்கத் தெரியாதா?"

போதகரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். பெரியவனுக்குக் கோபம் தலைக்கேறியது. மருந்து டம்ளரோடு வந்து நின்ற தங்கச்சி மேல் பாய்ந்தான். புருஷன் இறந்ததிலிருந்து அவள் அப்பாவோடுதான் இருக்கிறாள். சர்ச் பக்கம் தலைகாட்டுவதே இல்லை.

"எல்லாம் உன் வேலைதானே? நீ ஜெபத்தை விட்டது பத்தாதுன்னு அப்பா மனசையும் கலைச்சிட்டியா?"

"சத்தியமா எனக்கே இப்பத்தாண்ணே தெரியும்." அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. "வேணாம்ப்பா. அண்ணன் சொல்றபடியே நடக்கட்டும்."

"அவளே வேணாங்கறா, கேட்டீங்களா?" பெரியவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "யோசிச்சுப் பாருங்கப்பா. கடைசி நாள்ல கர்த்தர் வந்து கூப்பிடும்போது அம்மா கல்லறையில இருந்து எழுந்து உங்களைத்தான் தேடுவாங்க. சாம்பலாப் போனவங்க எங்கிருந்து எழும்புவாங்க?"

டம்ளர் கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட நிற்காமல் தங்கச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இவளுக்கு என்ன வந்துச்சு இப்போ?"

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா எட்டி மகனின் கையைப் பிடித்தார். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரின் பிடியாக அது இல்லை.

"மாப்பிள்ளை ஃபேக்டரி தீயில போனப்ப, நமக்குக் கிடைச்சது கொஞ்சம் சாம்பல். அன்னிக்கும் நீ இதே வார்த்தையைத்தான்டா சொன்ன. அவ பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தா."

பெரியவன் சாத்திக் கிடந்த கதவைத் திரும்பிப் பார்த்தான். அப்படிச் சொன்னது அவனுக்கு நினைவில்கூட இல்லை.

"அன்னிலேர்ந்துதான் அவ ஜெபத்தை விட்டா. உன் புருஷனும் எழும்புவாரும்மான்னு நான் சொல்லாத நாளில்லை. உங்களுக்கென்னப்பா, நீங்க முழுசாப் போவீங்கங்கறா." அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கையை மட்டும் விடவில்லை.

"அதான்டா, மாப்பிள்ளை எப்படிப் போனாரோ அப்படியே நானும் போறேன். எழும்பும்போது ரெண்டு பேரும் ஒண்ணாவே எழும்பறோம்."