தேங்காய் எழுந்து நின்ற இடம்

"அண்ணாச்சி, இளநீர் மாதிரி இருக்கு!"

எதிர்வீட்டு ஷரஃபுதீன் பாய் டம்ளரைக் கீழே வைக்காமலேயே சொன்னார். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வரவேண்டும் என்றுதான் நான் புது போர்வெல் போட்டதே.

மந்தைவெளியில் எங்கள் தெருவில் எங்கே துளை போட்டாலும் மஞ்சளாக உப்புத் தண்ணீர்தான். பாய் வீட்டுப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. "கடல் பக்கத்துல இருக்கு அண்ணாச்சி, இங்க நல்ல தண்ணி வராது" என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் இந்த ராஜரத்தினம் என்றைக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்டிருக்கிறான்?

நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் சுற்றி வந்தேன். முருங்கை மரத்தடியில் தேங்காய் சடக்கென்று எழுந்து நின்றது. அங்கேயே போர் போடச் சொன்னேன். நான்தான் கட்டைவிரலால் அதைத் தூக்கிவிட்டேன் என்று என் மனைவி முத்துலட்சுமி சொல்வது வெறும் வயிற்றெரிச்சல்.

நாளைக்கு எங்கள் மகள் ஷண்முகப்ரியாவுக்கு வளைகாப்பு. தூத்துக்குடியிலிருந்து ஒரு பஸ் நிறைய சொந்தக்காரர்கள் வருகிறார்கள். சமையலுக்கும் குளியலுக்குமாகக் காலையிலேயே லாரித் தண்ணீர் வாங்கி, தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியை வாய்வரை நிரப்பி வைத்திருந்தாள் முத்துலட்சுமி.

"ஏங்க, இதுல ஒரு வாளி குறைஞ்சாலும் உங்களைத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு, மகளோடு வளையல் வாங்கக் கிளம்பினாள். நானும் கடைக்குப் போய்விட்டேன்.

மதியம் போர் மெக்கானிக் சேட்டு போன் செய்தார். "சார், புது சப்மெர்சிபிள் மோட்டாரு ஜம்முனு ஓடுது. நீங்க வந்து ஒரு தபா பாத்துட்டுப் போங்க."

ஆட்டோ பிடித்து வந்து பார்த்தால், சேட்டுவும் ஆட்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். போர்ட்டிகோ சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி இருந்தது. பக்கச் சந்திலிருந்து ஒரு கறுப்பு ஹோஸ் வாசல்வரை நீண்டு கிடந்தது. ஒரு பட்டனை அமுக்க மெக்கானிக் எதற்கு? நானே அமுக்கினேன்.

ஹோஸ் துள்ளிக்கொண்டு தண்ணீரைக் கொட்டியது. ஒரு கை அள்ளிக் குடித்தேன். துளிகூட உப்பில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாகப் பாயைக் கூப்பிட்டேன்.

அவர் சொன்னது தெருவில் பரவியதும் குடங்கள் வர ஆரம்பித்தன. பாயின் மனைவி ஜமீலுன்னிசா அண்டாவோடு வந்தார். பக்கத்து வீட்டு தீபிகா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சோப்புப் போட்டாள். தெருமுனையில் மீன் விற்கும் நொச்சிக்குப்பத்துத் தேவானை, குடத்தை நிரப்பிக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாச்சி, அசல் லாரித் தண்ணி கணக்கா கீது!"

எங்கள் தெருவில் தண்ணீருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காம்பவுண்டுச் சுவரோரம் அடுக்கியிருந்த பைப்புகள் மேல் ஏறி நின்று, தேங்காய் எழுந்து நின்ற வரலாற்றை முதலிலிருந்து சொன்னேன். கேட்டவர்கள் குடம் நிரம்பும்வரை பொறுமையாகக் கேட்டார்கள்.

"எல்லாரும் தினமும் வந்து பிடிங்க. இனிமே இந்தத் தெருவுக்கு லாரி எதுக்கு?" என்றேன்.

பாய் தயங்கினார். "நாளைக்கு விசேஷம் வச்சிருக்கீங்களே அண்ணாச்சி. உங்களுக்குப் போதுமா?"

"பூமிக்கு அடியில இருக்கிறது அவ்வளவு சீக்கிரம் தீருமா பாய்?"

சொன்னதோடு விட்டேனா? எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு லாரிக்காரரைக் கூப்பிட்டேன். நாளைக் காலைக்குச் சொல்லியிருந்த இன்னொரு லோடு வேண்டாம் என்றேன்.

"அப்ப அந்த வண்டியை கே.கே. நகர் மண்டபத்துக்கு விட்டுடுவேன் சார். அப்புறம் திரும்பக் கேட்டா இந்த வாரம் வண்டி கிடையாது."

"தாராளமா விடுங்க!"

யாரோ கை தட்டினார்கள். தட்டிய கை ஓய்வதற்குள் ஹோஸ் புஸ்ஸென்று காற்றைத் துப்பியது. ஒரு முறை கக்கியது, பிறகு சொட்டியது, நின்றுவிட்டது. தீபிகாவின் ஸ்கூட்டரில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து முத்துலட்சுமியின் ஆட்டோ வந்து நின்றது. வளையல் பெட்டியோடு இறங்கியவள், குடங்களையும் நனைந்த தெருவையும் பைப்புகள் மேல் நிற்கும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பின்னாலேயே பல் குத்திக்கொண்டு வந்த சேட்டு, குச்சியை எறிந்துவிட்டு ஓடிப்போய் சிவப்புப் பட்டனை அமுக்கினார்.

"என்ன சேட்டு, அதுக்குள்ள போர் வத்திடுச்சா?" என்று அதட்டினேன், மேடையிலிருந்து இறங்காமலேயே.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தார்.

"போருக்குள்ள எறங்கவேண்டிய பைப்பு மேல நீங்க நின்னுக்கினு கீறீங்க. டெஸ்ட்டுக்குப் போட்ட மோட்டாரு இன்னும் உங்க சம்ப்லதான் சார் கீது."